கல்லுக்கும் வயதுண்டு!

கல்லைக் காட்டி, இது மாறாதது என்பர். கடலைக் காட்டி, இது என்றும் உள்ளது என்பர். கடலுக்கடியிலே கிடக்கும் கல்லைப்பற்றிக் கேட்கவே வேண்டாம்! கண் காணாத இடம், கால் படாத இடம், கதிரவன் ஒளி எட்டாத இடம். கதை கட்டுவோருக்கு அதைவிட வசதியான இடம் வேறேது? உலகம் தோன்றிய நாள்தொட்டு அந்தத் தரை அப்படியே கிடக்கிறது, அதன்மீது அலை ஆடிக்கொண்டிருக்கிறது என்றுதான் நெடுங்காலம் நம்பினர். பாமரர் மட்டுமா நம்பினர்? பட்டம் பல பெற்ற பேராசிரியர்களும் நம்பினர்.

அந்த நம்பிக்கை பொய்த்தது. கடலடிப் பாறை பிறக்கிறது, பிறந்த வேகத்திலே கொதிக்கிறது, குளிர்கிறது, வெடிக்கிறது, வெடிப்பின் வழியே நீரைக் குடிக்கிறது, குடித்த நீரால் உருமாறுகிறது, வெடிப்புகள் மூடி இறுகுகிறது, கனம் ஏறித் தாழ்கிறது, முடிவில் பூமியின் வயிற்றுக்குள்ளேயே புதைகிறது. பிறப்பு, இளமை, முதுமை, மறைவு அத்தனையும் அதற்கு உண்டு. இந்த உண்மையை எந்த முனிவரும் ஞானதிருஷ்டியால் கண்டு சொல்லவில்லை. கயிற்றைக் கட்டி ஆழம் பார்த்தவர்களும், காந்தமானியை இழுத்துக்கொண்டு கப்பலோட்டியவர்களும், நடுக்கடலிலே துளைபோட்டுக் கல்லை எடுத்தவர்களும் சேர்ந்து கண்ட உண்மை இது. கண்டவர்களை உலகம் கைதட்டி வரவேற்றதா? இல்லை. ஏளனம் செய்தது, ஏட்டிலே இடம் தர மறுத்தது, பெண்பிள்ளைப் பேச்சு என்று ஒதுக்கியது. ஆகவே, பாறையின் வரலாற்றைக் கூறப் புகுந்தால் பகுத்தறிவின் வரலாற்றையும் கூறியாகவேண்டும்.

முதற்குறிப்பு ஓர் இளைஞரிடமிருந்து வந்தது. 1836ஆம் ஆண்டு. 'பீகிள்' கப்பலிலே உலகைச் சுற்றிவந்த சார்லஸ் டார்வின், இந்தியப் பெருங்கடலில் உள்ள கீலிங் தீவுகளிலே இறங்கினார். அப்போது அவருக்கு வயது 27. அங்கே மலை இல்லை, ஆறு இல்லை. நீலக்கடல் நடுவே பவளப்பாறையாலான ஒரு வளையம். டார்வின் வியந்து நிற்கவில்லை, கேள்வி கேட்டார். பவள உயிர்கள் வெளிச்சம் எட்டுகிற ஆழமற்ற நீரிலேதானே வளரும்? சுற்றிலும் அடிகாணா ஆழம் இருக்கையில், இந்த வளையத்திற்கு அடித்தளம் எது? 1842ல் வெளியிட்ட நூலிலே அவரே விடை தந்தார். அடியிலே இருப்பது ஓர் எரிமலைத் தீவு. அது மெல்ல மெல்ல அமிழ்கிறது. அமிழ அமிழப் பவளம் மேலே மேலே கட்டிக்கொண்டு வருகிறது. தீவு மறைந்தபின் வளையம் மட்டும் நிற்கிறது என்றார்.

110 ஆண்டுகள் கழிந்தன. 1952ல் பசிபிக் கடலில் எனிவெடாக் தீவிலே துளையிட்டனர். 1,200 மீட்டருக்கும் மேலே பவளச் சுண்ணாம்பு. அதற்குக் கீழே எரிமலைப் பாறை! டார்வின் சொன்னது மெய்யாயிற்று. எனினும் ஒரு கேள்வி எஞ்சி நின்றது. தீவு அமிழ்கிறது, சரி, ஏன் அமிழ்கிறது? தீவைத் தாங்கும் தரைக்கு என்ன நேர்கிறது? இக்கேள்வியை நினைவிலே வைத்துக்கொள்ளுங்கள், மீண்டும் வருவோம்.

1872 டிசம்பரில் இங்கிலாந்தைவிட்டுப் புறப்பட்ட 'சேலஞ்சர்' கப்பல், 1876 மே மாதம்வரை பெருங்கடல்களைச் சுற்றியது. கயிற்றின் நுனியிலே எடையைக் கட்டிக் கடலுள் இறக்குவர். அது தரையைத் தொட்டதும் கயிற்றின் நீளத்தைக் குறித்துக்கொள்வர். அப்படி அளந்தபோது, அட்லாண்டிக் கடலின் நடுப்பகுதி இருபுறத்தையும்விட மேடாக இருப்பது தெரிந்தது. கிண்ணத்தின் நடுவிலே பள்ளமன்றோ இருக்கவேண்டும். மேடு எப்படி வந்தது? 1925 முதல் 1927 வரை ஜெர்மானியரின் 'மீட்டியோர்' கப்பல், ஒலியை அனுப்பி எதிரொலி திரும்பும் நேரத்தை அளந்து, அந்த மேடு நெடியதொரு மலைத்தொடர் என்று காட்டிற்று. எல்லாக் கடல்களிலும் ஓடும் அத்தொடரின் நீளம் ஏறத்தாழ 65,000 கிலோமீட்டர் என்பது பின்னாளிலே தெரிந்தது. இமயத்தையும் ஆண்டிஸையும் ஒன்றாக்கினாலும் அதற்கு ஈடாகாது!

இதற்கிடையே, 1912ல், ஆல்பிரட் வேகனர் என்ற ஜெர்மானியர், கண்டங்கள் நகர்கின்றன என்றார். 1915ல் அதனை நூலாகவே எழுதினார். ஆப்பிரிக்காவின் மேற்குக் கரையும் தென் அமெரிக்காவின் கிழக்குக் கரையும் கிழிந்த தாளின் இரு துண்டுகளைப்போலப் பொருந்துவதைக் காட்டினார். இரு கரைகளிலும் ஒரே வகைப் பாறையும் ஒரே வகைப் புதையுயிரும் கிடைப்பதை எடுத்துரைத்தார். அவர் வானிலை ஆராய்ச்சியாளர். நிலநூல் பேசுவதற்கு இவருக்கு என்ன உரிமை என்று வல்லுநர்கள் சீறினர். கண்டங்களை எது நகர்த்துகிறது என்ற கேள்விக்கு அவரிடம் சரியான விடை இல்லை; அது அவர் குறை. விடை இல்லை என்பதற்காகச் சான்றுகளையே வீதியிலே எறிந்தனர். அது வல்லுநர்களின் குறை. 1930 நவம்பரில் கிரீன்லாந்துப் பனிவெளியிலே வேகனர் மாண்டார். அவர் கேட்ட கேள்வி மாளவில்லை.

1952ஆம் ஆண்டளவில் நியூயார்க்கிற்கு அருகே ஓர் ஆராய்ச்சி நிலையம். அங்கே மேரி தார்ப் என்றொரு பெண்மணி. கடலாய்வுக் கப்பலிலே ஏற அவருக்கு அனுமதி இல்லை; குற்றம், பெண்ணாய்ப் பிறந்தது! ஆடவர் கப்பலிலே சென்று ஆழ அளவுகளைக் கொண்டுவருவர். அம்மையார் அறையிலே அமர்ந்து அவற்றை வரைபடமாக்குவார். புள்ளி புள்ளியாக வரைந்துகொண்டு வந்தவர் கண்ணிலே ஒன்று பட்டது. அட்லாண்டிக் மலைத்தொடரின் உச்சியிலே, நெடுகிலும், ஒரு பிளவு! தரை அங்கே இரண்டாகப் பிரிகிறது என்பதற்கு அடையாளம். உடன் பணியாற்றிய புரூஸ் ஹீசனிடம் காட்டினார். பெண்பிள்ளைப் பேச்சு என்று அவர் தள்ளிவிட்டார்; வேகனரின் கொள்கைபோல இருக்கிறதே என்ற அச்சம் அவருக்கு. ஆனால் மற்றொருவர் நிலநடுக்கம் நிகழ்ந்த இடங்களைக் குறித்து வரைந்த படத்தை அதன்மீது வைத்துப் பார்த்தபோது, நடுக்கங்கள் அத்தனையும் அந்தப் பிளவின்மீதே வரிசையாக விழுந்தன. ஹீசன் ஒப்புக்கொண்டார். கப்பலேறாத பெண், கப்பலேறிய ஆடவர் காணாததைக் கண்டார்.

பிளவு எதற்கு? 1962ல் விடை தந்தவர் ஹாரி ஹெஸ். இரண்டாம் உலகப்போரிலே கப்பற்படை அதிகாரியாகப் பணியாற்றியவர். போர்க்காலப் பயணத்திலும் எதிரொலிக் கருவியை அணைக்காமல் வைத்திருந்தவர். அதன் பயனாகப் பசிபிக் அடியிலே உச்சி தட்டையான மலைகள் பலவற்றைக் கண்டு, 1946ல் வெளியிட்டார். அலையால் தேய்ந்தாலன்றி உச்சி தட்டையாகாது. ஆகவே அவை ஒருகாலத்தில் நீர்மட்டத்திலே நின்று, பிறகு அமிழ்ந்திருக்கவேண்டும். டார்வின் கேள்வி மீண்டும் எழுகிறது பாருங்கள்! ஹெஸ் சொன்னார்: மலைத்தொடரின் பிளவிலே பூமியின் உள்ளிருந்து குழம்பு எழுகிறது, இறுகிப் புதுத்தரையாகிறது, அத்தரை இருபுறமும் விலகிச் செல்கிறது, தொலைவிலே அகழிகளில் மீண்டும் உள்ளே இறங்குகிறது. கடல் பழையது, கடலின் தரை புதியது! சான்று போதாமையை உணர்ந்த அவர், தம் கட்டுரையைப் புவிக்கவிதை என்று தாமே அடக்கத்தோடு அழைத்துக்கொண்டார்.

கவிதைக்குக் கணக்குப் போட்டுக் காட்டியது நம் இந்தியப் பெருங்கடல். அரபிக்கடலின் தென்பகுதியிலே ஒரு கடலடி மலைத்தொடர் உண்டு. அதன் பெயர் கார்ல்ஸ்பெர்க். 1928 முதல் 1930 வரை உலகைச் சுற்றிய டென்மார்க் நாட்டு 'டானா' கப்பலுக்குப் பொருளுதவி செய்த அறக்கட்டளையின் பெயர் அது. பீர் ஆலையிலே பிறந்த செல்வம் ஆராய்ச்சிக்கு உதவிற்று! 1962ல் 'ஓவன்' என்ற பிரிட்டிஷ் கப்பல் அத்தொடர்மீது காந்தமானியை இழுத்துச் சென்றது. அந்த அளவுகளைக் கேம்பிரிட்ஜில் வைத்து ஆராய்ந்தவர்கள் டிரம்மண்ட் மாத்யூஸும் அவர் மாணவர் பிரெட் வைனும். மாணவருக்கு வயது 24.

எரிமலைப் பாறையிலே இரும்புத் துகள்கள் உண்டு. குழம்பு இறுகும்போது, அந்நாளைய பூமிக் காந்தத்தின் திசையை அவை பதிவு செய்துகொள்கின்றன. பூமியின் காந்தமோ பலமுறை வடக்கு தெற்காகத் தலைமாறியது. கடைசியாக மாறியது ஏறத்தாழ 7,80,000 ஆண்டுகளுக்கு முன்பு. புதுத்தரை தோன்றித் தோன்றி விலகுமாயின், மலைத்தொடரின் இருபுறமும் நேராகவும் தலைகீழாகவும் காந்தம் கொண்ட பட்டைகள் மாறிமாறி அமையவேண்டும். அவ்வாறே அமைந்திருந்தன! 1963 செப்டம்பரில் அவர்கள் கட்டுரை வெளியாயிற்று. அதே கருத்தை அதே ஆண்டில் கனடா நாட்டு லாரன்ஸ் மார்லி எழுதி அனுப்பினார். இரண்டு ஏடுகள் மறுத்துவிட்டன. மது விருந்திலே பேசத்தக்க பேச்சு என்று ஏளனக் குறிப்பு வேறு! காலம் பிறகு மூவர் பெயரையும் ஒன்றாகவே வைத்தது.

காந்தம் சொன்னதைக் கல் சொல்லவேண்டாமா? 1968 டிசம்பரிலே தொடங்கி 1969 ஜனவரி வரை 'குளோமர் சேலஞ்சர்' என்ற துளையிடும் கப்பல் தெற்கு அட்லாண்டிக்கிலே வரிசையாகத் துளைகள் இட்டது. எரிமலைப் பாறைக்கு நேர் மேலே படிந்துள்ள சேற்றிலே கிடைத்த நுண்ணுயிர்ச் சிப்பிகளின் வயதைப் பார்த்தனர். மலைத்தொடரிலிருந்து விலக விலக வயது ஏறிக்கொண்டே போயிற்று. அதன்பின் ஐயத்திற்கு இடமில்லை. பூமியின் வயது ஏறத்தாழ 454 கோடி ஆண்டுகள். கண்டங்களிலே 400 கோடி ஆண்டுப் பாறையும் உண்டு. பெருங்கடல்களின் அடியிலோ, மிக முதியதாகக் கிடைத்த பசிபிக் தரைக்கே ஏறத்தாழ 18 கோடி ஆண்டுதான்!

இந்த இடத்திலே நம் வீட்டுச் செய்தி ஒன்றையும் மறைக்காமல் பேசவேண்டும். 1864ல் பிலிப் ஸ்கிளேட்டர் என்ற விலங்கியல் அறிஞர், மடகாஸ்கரிலும் இந்தியாவிலும் காணும் விலங்கொற்றுமைக்குக் காரணம் தேடி, கடலிலே மூழ்கிய கண்டமொன்று இருந்திருக்கும் என்றார். இலெமூரியா என்று பெயரிட்டார். நம் உரையாசிரியர்கள் குறித்த கடல்கோளோடு அதனை இணைத்து, குமரிக்கண்டம் என்று மேடைதோறும் முழங்கினோம். இனிக்கும் செய்திதான். இனிக்கிறது என்பதற்காகச் சோதிக்காமல் விடலாமா? பிறர் புராணத்தைச் சோதிப்பவன் தன் பெருமையையும் சோதிக்கவேண்டாவோ? குமரிமுனைக்குத் தெற்கே விரிந்துகிடக்கும் ஆழ்கடல் தரை எரிமலைக் குழம்பாலானது. மலைத்தொடரை நெருங்க நெருங்க இளையது. காந்தப் பட்டைகள் அதன் பிறப்புச் சான்றிதழ். மூழ்கிய பெருங்கண்டத்துக்கு அங்கே இடமில்லை. சீசெல்ஸ் தீவுகளைப் போன்ற கண்டத் துண்டுகள் சில உண்டு. ஏறத்தாழ 20,000 ஆண்டுகளுக்கு முன்பு தொடங்கிப் பனியுருகிக் கடல்மட்டம் 120 மீட்டர் அளவுக்கு உயர்ந்ததும் மெய். கரையோரச் சமவெளிகளைக் கடல் கொண்டதும் மெய். ஊர் மூழ்கிய நினைவுக்கு அது போதும். கண்டம் மூழ்கியதற்கு அது சான்றாகாது. தமிழின் தொன்மைக்குக் கீழடி மண்ணிலே கிடைத்த எழுத்துப் பொறித்த ஓடு சாட்சி சொல்லும். கடலடியைப் பொய்ச்சாட்சிக்கு இழுக்கவேண்டியதில்லை.

இனி, பிறந்த பாறை எப்படி முதுமை அடைகிறது என்று பார்ப்போம். ஏறத்தாழ 1,200 பாகை வெப்பத்திலே வெளிப்படும் குழம்பு, பனிபோன்ற கடல்நீரைத் தொட்டதும் மேற்புறம் கண்ணாடியாய் உறைகிறது. உள்ளே குழம்பு பிதுங்க, தலையணைகளை அடுக்கியதுபோன்ற உருவம் பெறுகிறது. அந்தத் தலையணை அடுக்கின் கீழே, குழம்பு ஏறிய பிளவுகளிலேயே இறுகிய சுவர்ப்பாறைகள். அதற்கும் கீழே மெதுவாகக் குளிர்ந்து பருமணியான பாறை. மொத்தக் கனம் ஆறேழு கிலோமீட்டர். ஆண்டுக்குச் சில சென்டிமீட்டர் வீதம், நகம் வளரும் வேகத்திலே, அது பிறந்த இடத்தைவிட்டு விலகுகிறது. விலகும்போது அதுவும் அதன் கீழுள்ள பகுதியும் குளிர்கின்றன. குளிர்ந்தால் சுருங்கும்; சுருங்கினால் அடர்த்தி ஏறும்; அடர்த்தி ஏறினால் தாழும்.

1977ல் பார்சன்ஸ், ஸ்கிளேட்டர் இருவரும் அதற்குக் கணக்கே தந்தனர் (1864ஆம் ஆண்டின் ஸ்கிளேட்டர் வேறு, இவர் வேறு). பிறக்கும்போது தரையின் ஆழம் ஏறத்தாழ 2,500 மீட்டர். 10 இலட்சம் ஆண்டிலே 350 மீட்டர் தாழும். 40 இலட்சம் ஆண்டிலே 700 மீட்டர். 90 இலட்சம் ஆண்டிலே 1,050 மீட்டர். வயது நான்கு மடங்கானால் தாழ்வு இரண்டு மடங்கு. ஏறத்தாழ 7 கோடி ஆண்டுவரை இக்கணக்கு செல்லும். பிறகு தாழும் வேகம் குறையும். டார்வினின் தீவு ஏன் அமிழ்ந்தது என்பதற்கு விடை கிடைத்துவிட்டதன்றோ? தீவைச் சுமந்த தரை முதுமை எய்தியது, குளிர்ந்தது, தாழ்ந்தது. 1842ல் எழுந்த கேள்விக்கு 1977ல் எண்ணாலே விடை!

கணக்குப் போட்டவர்களுக்கு ஒரு கணக்கு மட்டும் இடித்தது. இளந்தரையிலிருந்து இவ்வளவு வெப்பம் வெளிவரவேண்டும் என்று கணித்தனர். அளந்தபோது அவ்வளவு இல்லை. எஞ்சிய வெப்பம் எங்கே போயிற்று? திருடியது யார்? கடல்நீர்தான் என்று சிலர் ஐயுற்றனர். 1977ல் 'ஆல்வின்' என்ற சிறு நீர்மூழ்கியிலே, கலபாகஸ் தீவுகளுக்கருகே ஏறத்தாழ 2,500 மீட்டர் ஆழத்துக்கு இறங்கிப் பார்த்தனர். பாறை வெடிப்புகளிலிருந்து வெதுவெதுப்பான நீர் ஊறிக்கொண்டிருந்தது. அதைச் சுற்றி, கதிரவனையே அறியாத கும்மிருட்டிலே, பெரும் புழுக்களும் சிப்பிகளும் கூட்டங்கூட்டமாக வாழ்ந்தன! 1979ல் மெக்சிகோவுக்கு அப்பால் கிழக்குப் பசிபிக்கிலே, புகைபோக்கியிலிருந்து கரும்புகை கிளம்புவதுபோல 350 பாகை வெந்நீர் பீறிடக் கண்டனர். ஆழ்கடலின் அழுத்தத்தால் அந்நீர் அந்த வெப்பத்திலும் கொதித்து ஆவியாகவில்லை. திருடன் பிடிபட்டான்.

இந்த நீரோட்டமே பாறையின் உள்ளத்தை மாற்றுகிறது. இளம்பாறை வெடிப்பும் துளையும் நிறைந்தது. குளிர்ந்த கடல்நீர் அவற்றின் வழியே இறங்குகிறது; சூடேறுகிறது; திரும்பி எழுகிறது. போகும்போது கொண்டுசெல்லும் மக்னீசியத்தைப் பாறையிலே விட்டுவிட்டு, வரும்போது கால்சியத்தையும், சூடு மிகுந்த இடங்களிலே இரும்பு, செம்பு, துத்தநாகத்தையும் சுமந்துவருகிறது. ஆறுகள் கடலிலே கொண்டுசேர்க்கும் மக்னீசியம் எங்கே மறைகிறது என்ற பழைய புதிருக்கும் இங்கேயே விடை கிடைத்தது. தொடரைவிட்டு விலகிய பின்னரும் பல கோடி ஆண்டுகளுக்குத் தணிந்த வெப்பத்திலே நீரோட்டம் தொடர்கிறது. பாறையின் இரும்பு துருப்பிடிக்கிறது. மேலிருந்த கண்ணாடி, களிமண்ணாகச் சிதைகிறது. வெடிப்புகளிலே களிமண்ணும் சுண்ணாம்புக் கனிமமும் படிந்து அடைக்கின்றன. கருமையாய்ப் பிறந்தது, செம்மையும் பசுமையும் வெண்ணரம்பும் கலந்ததாகிவிடுகிறது.

கல்லைத் தொடாமலேயே இம்மாற்றத்தைக் கேட்கலாம்! ஒலியலை இளந்தரையின் மேலடுக்கிலே நொடிக்கு ஏறத்தாழ இரண்டரைக் கிலோமீட்டர் வேகத்திலே செல்லும். ஒரு கோடி ஆண்டு ஆவதற்குள் அவ்வேகம் நான்கைத் தாண்டிவிடும். வெடிப்புகள் அடைபட்டு இறுகியதன் விளைவு. பிறந்தபோது பெற்ற காந்த வலிமையோ துருவினாலே குறைகிறது. ஆயினும் பட்டையின் திசை அழிவதில்லை. உடல் தளர்ந்தாலும் பிறந்த நாளை மறவாத முதியவர்போல! கண்ணாலும் கண்டனர். கோஸ்டாரிகாவுக்குத் தெற்கே, ஈக்குவடாருக்கு மேற்கே, ஏறத்தாழ 60 இலட்சம் ஆண்டு வயதுடைய தரையிலே 1979ல் தொடங்கிய துளை, கப்பல் திரும்பத் திரும்ப வந்து முயன்றதால் 1993ல் 2,111 மீட்டரை எட்டியது. மேலே தலையணைப் பாறை, கீழே சுவர்ப்பாறை, இடையெங்கும் நீர் செய்த மாற்றம். ஏட்டிலே எழுதியது அத்தனையும் கல்லிலே இருந்தது.

முதுமை வெறுமையுமன்று. தெற்குப் பசிபிக்கிலே 2010ல் எடுத்த, 10 கோடி ஆண்டு வயதுடைய பாறையின் வெடிப்பிலே, களிமண் படிந்த இடுக்கிலே, நுண்ணுயிர்கள் செறிந்து வாழ்வதை 2020ல் அறிவித்தனர். பாறையின் இந்தக் குணத்தை மனிதன் பயன்படுத்தவும் தொடங்கிவிட்டான். அட்லாண்டிக் மலைத்தொடர் கடலுக்குமேலே தலைகாட்டும் ஐஸ்லாந்து நாட்டிலே, 2012ல் கரியமில வாயுவை நீரிலே கரைத்து எரிமலைப் பாறைக்குள் செலுத்தினர். ஈராண்டுக்குள் அதில் 95 விழுக்காட்டுக்கு மேல் கல்லாகிவிட்டதை 2016ல் வெளியிட்டனர். கோடி ஆண்டிலே கடலடி செய்வதை, கற்றுக்கொண்டவன் கண்ணெதிரே செய்துகாட்டுகிறான்.

இறுதியாக, மறைவு. குளிர்ந்து கனத்த தரை, அகழியை அடைந்ததும் வளைந்து உள்ளே இறங்குகிறது. இறங்கும் பாறை தான் குடித்த நீரையும் கொண்டுசெல்கிறது. ஆழத்திலே அந்நீர் கசிந்து மேலுள்ள பாறையை உருகச் செய்ய, எரிமலைகள் எழுகின்றன. இறங்கும்போது இரு தரைகள் பிணைந்து நின்று, திடுமென விடுபட்டால் பெருநடுக்கம். இங்கேயும் ஒரு நம்பிக்கை நிலவிற்று. 1980ல் ரஃப், கனமோரி என்ற இரு அறிஞர்கள், இளந்தரை விரைந்து இறங்கும் இடங்களிலேதான் மிகப்பெரிய நடுக்கங்கள் நிகழ்கின்றன என்று அந்நாளில் கிடைத்த சான்றுகளைக்கொண்டு காட்டினர். 1960ல் சிலி நாட்டிலே நிகழ்ந்த 9.5 அளவு நடுக்கம் அதற்குப் பொருந்திற்று. முதிய தரை சாதுவாக இறங்கும் என்ற எண்ணம் பரவிற்று.

2004 டிசம்பர் 26. சுமத்ராவுக்கு மேற்கே இறங்கிக்கொண்டிருந்த தரையின் பெரும்பகுதிக்கு வயது 5 கோடி ஆண்டுகளுக்கும் மேல். 1,300 கிலோமீட்டர் நீளத்துக்குப் பிணைப்பு அறுந்தது. நடுக்கத்தின் அளவு 9.1. நடுங்கிய இடத்திலிருந்து அலை நம் கரையை அடைய இரண்டு மணி நேரத்துக்கு மேலாயிற்று. இரண்டு மணி நேரம்! நாகைக்கும் கடலூருக்கும் கன்னியாகுமரிக்கும் அறிவிக்க ஓர் அமைப்பு இருந்திருந்தால், எத்தனை குழந்தைகள் ஓடித் தப்பியிருக்கும்! தமிழ்நாட்டிலே மட்டும் ஏறத்தாழ 8,000 உயிர்கள் போயின. கடல் தெய்வத்தின் சீற்றம் என்றனர் சிலர். செய்த பாவத்தின் பலன் என்றனர் வேறு சிலர். மீன் விற்கச் சென்ற தாயும், கரையிலே விளையாடிய பிள்ளையும் செய்த பாவம் என்ன? சீற்றமுமில்லை, சாபமுமில்லை. முதிய கடலடித் தரை இறங்கிய வழியிலே நிகழ்ந்த நடுக்கம் அது. 2011 மார்ச் 11ல் ஜப்பானிலே, ஏறத்தாழ 13 கோடி ஆண்டுத் தரை இறங்கும் இடத்திலும் அதே அளவிலான நடுக்கம் நிகழ்ந்தபோது, பழைய விதி முற்றாகத் தளர்ந்தது. நீண்ட அகழி எதையும், அதன் வயதைப் பார்த்து, அஞ்சத்தக்கதன்று என்று ஒதுக்கலாகாது என்று அறிஞர்கள் இன்று கூறுகின்றனர். 2007 அக்டோபரில் ஐதராபாத்திலே ஆழிப்பேரலை எச்சரிக்கை மையம் தொடங்கிற்று. 2004க்கு முன்பே அது இருந்திருக்கவேண்டும்.

தோழர்களே! இந்த வரலாற்றிலே தோற்றவர் யார், வென்றவர் யார் என்று எண்ணிப் பாருங்கள். மாறாதது என்றவர் தோற்றனர். பட்டத்தைப் பார்த்தும் பாலைப் பார்த்தும் பேச்சை எடைபோட்டவர் தோற்றனர். விஞ்ஞானிகளே வகுத்த விதியும், சான்று எதிர்த்து நின்றபோது தோற்றது. தோற்றதை அவர்களே ஒப்புக்கொண்டனர். அந்த ஒப்புதலிலேதான் விஞ்ஞானத்தின் வீரம் இருக்கிறது. கல்லே காலத்துக்கேற்ப மாறுகிறது. கல்லைவிட இறுகிப்போன கருத்து நமக்கு எதற்கு? நாம் விரும்பும் கருத்தாயினும், வெறுக்கும் கருத்தாயினும், கயிற்றிலே எடை கட்டிக் கடலிலே இறக்கி ஆழம் பார்ப்போம். கரையோரக் குடிசையிலே இன்றிரவு உறங்கும் குழந்தைக்கு நாம் செய்யக்கூடிய காவல் அதுதான்.